காப்டன் லின்னேயஸ் டிரைப்

கடலூர் முதுநகர்த் துறையில் வைகறைப் போழ்தில் ஒரு நாழிகை நின்று காண்போமாயின், கண்ணுக்கு இனிய காட்சியொன்று தோன்றும். உப்பனாற்றின் அமைதியான நீர்மேல் மீன்பிடி படகுகள் வரிசை வரிசையாகக் கட்டுண்டு நிற்கும். நீலமும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணந் தீட்டப்பெற்ற அப்படகுகளின் கீழே, அவ்வண்ணங்களே தலைகீழாகி நீருள் நின்று மெல்ல நடுங்கும். எது மெய், எது நிழல் எனக் கண் மயங்கும். ஒரு படகு புறப்பட்ட அளவில் அந்நிழலெல்லாம் உடைந்து சிதறும். சிறிது போழ்தில் மீண்டும் ஒன்றுகூடும். சிதம்பரத்தை அடுத்த கிள்ளையிலும் பிச்சாவரத்து உப்பங்கழியிலும் இத்தகைய காட்சியைக் காணலாம்.

இன்று அத்துறைகளுக்குச் செல்லும் இளைஞர் கைப்பேசியை உயர்த்தி, இமைப்பொழுதில் அக்காட்சியைப் பிடித்துக்கொண்டு போகின்றனர். எளிதிற் கிடைத்த பொருளின் அருமையை மாந்தர் எண்ணுதல் இல்லை. நிழலைத் தாளிலே நிறுத்துதல் ஒருகாலத்தில் எத்துணை அரிய செயலாயிருந்தது என்பதையும், அச்செயலை நம் தமிழ்நாட்டிற் பெரியதோர் அளவில் முதற்கண் மேற்கொண்டாருள் தலையாயவர் எவர் என்பதையும் அறிந்தார் நம்முள் மிகச் சிலரே. அவர்தாம் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். துறைமுகத்திலே பிறந்து, துறைமுகத்திலே இக்கலையைப் பயின்று, தம் நடுவயதின் ஆற்றலெல்லாம் நம் நாட்டுக் கோயில்களுக்கும் குளங்களுக்கும் செலவிட்ட அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்னும் நாட்டுப்பகுதியில், பிளிமத் டாக் என்று அந்நாளில் வழங்கிய கடற்றுறை நகரில், 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் நாள் டிரைப் பிறந்தனர். அந்நகர் 1824-இல் டெவன்போர்ட் எனப் புதுப்பெயர் பெற்றது. தந்தையார் கார்னீலியஸ்; தாயார் மேரி. அவர்கட்குப் பிறந்த பன்னிரு மக்களுள் நம் வரலாற்றுத் தலைவர் ஒன்பதாமவர். செடி கொடிகளையும் உயிர்களையும் வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் நாட்டுப் பேரறிஞரின் பெயரே இவருக்கும் அமைந்தது. பொருள்களைக் கூர்ந்து நோக்கி, வரிசைப்படுத்தி, எண்ணும் பெயரும் இட்டு வைக்கும் இயல்பு பிற்காலத்தில் இவரிடம் ஓங்கி நின்றமையின், இப்பெயர் இவருக்குப் பொருந்துவதாயிற்று.

அரசரது கப்பல் கட்டுந்துறை அந்நகரில் இருந்தது. பாய்மரங்கள் காடுபோல் நிற்கும் கரையிலே பிறந்து வளர்ந்த இளைஞர் கடல்கடந்து செல்ல விரும்பியது வியப்பன்று. 1838-இல், தமது பதினாறாம் வயதில், கிழக்கிந்தியக் கும்பினியாரின் சேனையிற் சேர்ந்து, சென்னை இராஜதானிக்கு வந்து, 12-ஆம் சுதேசிக் காலாட்படையில் ஊழியஞ் செய்தார். பல்லாண்டு தென்னாட்டில் வாழ்ந்தும், அக்காலத்து அவர் பெயர் விளங்கத்தக்க செயலொன்றும் நிகழவில்லை. ஒருவர்க்கு உரிய தொழில் எக்காலத்து எவ்வழியாக வந்து சேரும் என்பதை எவரே அறிவார்?

துறைமுகத்திற் பயின்ற கலை

1850-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் டிரைப் விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்றார். அந்நாளில் ஐரோப்பாவெங்கும் நிழற்படக்கலை புதுமையாய்ப் பரவிக்கொண்டிருந்தது. பிரான்சு நாட்டு டாகேர் என்பார் உலோகத் தகட்டிற் படம் எடுக்கும் முறையை 1839-இல் வெளியிட்டனர். ஆங்கிலேயராகிய டால்பாட் தாளிற் படம் எடுக்கும் காலோடைப் முறைக்கு 1841-இல் உரிமை பெற்றனர். தாளை மெழுகிற் தோய்த்துப் பயன்படுத்தும் திருத்தத்தை லெ கிரே என்பார் 1851-இல் வெளியிட்டனர். 1853-இல் இலண்டன் மாநகரில் நிழற்படக் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே டிரைப் அதன் உறுப்பினராயினர்.

இக்கலையை அவர் முதற்கண் பயின்ற இடம் தாம் பிறந்த டெவன்போர்ட்டுத் துறைமுகமேயாகும். அங்கு நின்ற கப்பல்களையும் கப்பல் கட்டுந்துறையையும் படமாக்கினார். இம்பிரெக்னபிள் என்னும் போர்க்கப்பலின் மேல்தளத்தை எடுத்த படம் அவற்றுள் பெயர் பெற்றது. தளத்தின் பலகைகளும் கயிறுகளும் ஒழுங்குற அமைந்து நிற்கும் அப்படத்தைக் காண்பார், கைதேர்ந்த கலைஞரொருவர் தோன்றிவிட்டார் என்று அப்பொழுதே உணர்ந்திருப்பர்.

அக்காலத்து முறையைச் சிறிது அறிந்தாலன்றி, அவருடைய உழைப்பை நாம் மதித்தல் இயலாது. நல்ல தாளைத் தெரிந்து, மெழுகேற்றி, உப்புக்கரைசலில் ஊறவைத்து, பின் வெள்ளி கலந்த நீரிற் தோய்த்து, ஒளிபடாமற் காத்து, பெட்டியில் வைத்துக் காட்சியின் முன் நிறுத்தல் வேண்டும். கண்ணாடியின் மூடியைத் திறந்தபின் பல நிமிஷம் வரை காத்திருத்தல் வேண்டும். அதுகாறும் அசையாது நிற்பன மட்டுமே படத்தில் விழும். நடப்பாரும் பறப்பனவும் புகைபோல் மறைந்துபோம். பின்னர் இருட்டறையில் அத்தாளை மருந்துநீரில் இட்டால், வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் மாறிய மறுதலைப் படம் தோன்றும். அதனை வேறொரு தாளின்மேல் வைத்து வெயிலிற் காயவிட்டே நேர்ப்படம் பெறவேண்டும்.

வண்ணமும் அத்தாளுக்குத் தெரியாது. அது நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். சிவப்பையும் மஞ்சளையும் ஏலாது. ஆகவே நம் கடலூர்ப் படகுகளை அம்முறையில் எடுத்திருப்பின், நீலப் படகு வெளிறியும் சிவப்புப் படகு கறுத்தும் தோன்றியிருக்கும். வானத்து நீலமோ முற்றும் வெறுமையாகிவிடும். அன்றியும், அசையும் நீரில் உள்ள நிழல் பல நிமிஷங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பனிபோற் பரவிவிடும். காற்றொடுங்கிய குளத்து நிழலே ஓரளவு வடிவோடு நிற்கும். இத்தனை இடையூறுகளையும் அறிந்தே டிரைப் இக்கலையை மேற்கொண்டனர்.

பர்மா யாத்திரை

1854-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காப்டன் பதவியோடு பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ நீல் என்னும் மருத்துவரோடு பேலூருக்கும் ஹளேபீட்டுக்கும் சென்று, ஹொய்சளர் கோயில்களின் சிற்பங்களைப் படமெடுத்தார். 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் 68 படங்களை வைத்து முதல்வகுப்புப் பதக்கம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே ஒரு பெரும்பணி அவரை நாடி வந்தது. 1852-இல் நிகழ்ந்த போரில் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றினர். அதன்பின் அமரபுரத்தில் அரசிருந்த மிண்டோன் அரசரிடம் ஆர்தர் பேயர் என்பார் தலைமையில் தூது ஒன்றை, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு அனுப்பினர். அத்தூதின் செயலாளர் ஹென்றி யூல். ஓவியர் கோல்ஸ்வொர்தி கிராண்ட். நிழற்படத்தார் நம் டிரைப். ஐராவதி நதியின்மீது மரக்கலங்களில் ஏறி, இடையிடையே கரையிறங்கி, பகான் நகரத்துப் பழங்கோயில்களையும் அமரபுரத்து மடங்களையும் அவர் படமெடுத்தனர். மழைக்காலத்து மேகமும் உடல்நலக் குறைவும் அவரைத் தடுத்தன. எனினும் இருநூற்றுக்கு மேற்பட்ட மறுதலைப் படங்களோடு திரும்பினார்.

பின்னர் அவற்றுள் 120 படங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 50 படிகள் எடுத்துத் தொகுதிகளாக்கினார். கணக்கிட்டுப் பார்ப்பின் படிகளின் தொகை 6,000 ஆகும். இன்று பொத்தானை அழுத்தினால் வெளிவரும் படிகள் அல்ல இவை. ஒவ்வொன்றும் வெயிலிற் காய்ந்து, நீரிற் கழுவப்பெற்று, கையால் ஒட்டப்பெற்றது.

தமிழகத்துத் தொண்டு

டிரைப்பின் திறமை கண்ட சென்னை அரசாங்கத்தார், 1856-இல் அவரைத் தம் இராஜதானியின் நிழற்படத்தாராக நியமித்தனர். பழங்கட்டிடங்களையும் கல்வெட்டுக்களையும் மக்கள் வாழ்க்கையையும் படமாக்கி வைத்தல் அப்பதவியின் கடன். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி என்னும் தமிழர் அவரிடம் இக்கலையைப் பயின்றனர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

1857-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடநாட்டிற் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. தெற்கோ அமைதியாயிருந்தது. பெட்டிகளையும் மருந்துகளையும் தாள்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு, நான்கரை மாத காலம் அவர் தமிழ்நாட்டு வழிகளிற் சென்றார். சேலம் ஜில்லாவைச் சார்ந்திருந்த இராயக்கோட்டை முதலிய இடங்கள், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகியவை அவர் படமெடுத்த ஊர்கள். இவ்வூர்ப் பெயர்களோடு பல தொகுதிகள் 1858-இல் வெளிவந்தன. மதுரைக்கு மாத்திரம் நான்கு பகுதிகள் அமைந்தன.

கோடையின் வெப்பத்தில் மெழுகு உருகும், மருந்து கெடும், புழுதி படியும். இவற்றைப் பொறுத்து அவர் எடுத்த படங்கள் இன்று நமக்கு விலைமதிப்பற்ற சான்றுகளாய் உள்ளன. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை அந்நாளிற் சிதைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு கவர்னராயிருந்த 1866 முதல் 1872 வரையுள்ள காலத்திலேதான் அதனைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. அதற்கு முன் அவ்வரண்மனை இருந்த நிலையை அறிய விரும்புவார் டிரைப்பின் படங்களையே நாடல் வேண்டும்.

நீர்நிலைகளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. மதுரைக்குச் செல்லும் தரைப்பாலத்தோடு வைகையாற்றை ஒரு படத்திற் காட்டினார். திருமலை நாயக்கர் அமைத்த தெப்பக்குளத்தை மற்றொன்றிற் காட்டினார். நடுமண்டபமும் அதனைச் சூழ்ந்த நீரும் அப்படத்தில் உள. கப்பல் நிற்கும் துறையிலே கண்பழகிய ஒருவர், தெப்பம் மிதக்கும் குளக்கரையிலே வந்து நின்ற அந்நாளை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கின்றது.

தஞ்சைக் கல்வெட்டு

அவருடைய செயல்களுள் எல்லாம் தமிழ் மாணவராகிய நம்மால் மறக்கலாகாத ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் நிரம்பியுள்ளன என்பதை யாவரும் அறிவர். அவற்றுள் ஒரு பகுதியைச் சிறிதும் விட்டுப்போகாமற் படமெடுக்க டிரைப் முயன்றார். பெட்டியை ஓரிடத்தில் வைத்து ஒரு படம். அளவாக நகர்த்தி வைத்து மற்றொரு படம். இவ்வாறே 21 படங்களை எடுத்து, ஒன்றோடொன்று பொருந்த ஒட்டினார். அது ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாயிற்று.

எழுத்தை அவர் படித்தறிந்தாரல்லர்; பொருளை உணர்ந்தாருமல்லர். ஆயினும் அதில் ஏதோ அரிய செய்தி இருத்தல் கூடும், அதனைப் படிக்க வல்லார் பின்னர் வருவர் என்னும் நம்பிக்கையால் ஒரு வரியும் சிதையாது காத்துவைத்தார். அக்கல்வெட்டுக்களை ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் முறையாகப் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல் என்பதை நோக்கின், டிரைப் எத்துணை முற்பட்டார் என்பது விளங்கும். தாம் படிக்க இயலாத நூலைப் பிறர் படித்தற்பொருட்டுக் காத்தல் பெருந்தகைமையன்றோ!

தஞ்சையிலிருந்து மீண்ட பின்னர், வால்டர் எலியட் துரையவர்கள் அமராவதியில் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்த பௌத்தச் சிற்பங்களையும் 1858-இல் படமாக்கினார்.

பணி நின்றது

இவ்வாறு வேலை வளர்ந்துவரும் காலத்தே காரியம் வேறாயிற்று. 1858-இல் கும்பினியாரின் ஆட்சி ஒழிந்து, இந்தியா பிரிட்டிஷ் அரசியாரின் நேர் ஆட்சியின் கீழ் வந்தது. கிளர்ச்சியை அடக்குதற்குச் செலவான பெரும்பொருளால் கஜானா வறண்டிருந்தது. 1859-இல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் சிக்கனத்திற் கண்ணாயிருந்தவர். நிழற்படம் எடுப்பித்தல் அந்நிலையில் அரசாங்கத்துக்குத் தகாத ஆடம்பரம் என அவர் கருதினார். வேலையை நிறுத்துமாறு ஆணை பிறந்தது. 1860-இல் அப்பணியகம் அடியோடு மூடப்பெற்றது.

டிரெவெலியனும் நெடுநாள் நிலைத்தாரல்லர். மேலிடத்தார் கொணர்ந்த வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்தமையால், அதே 1860-இல் அவர் பதவியினின்று திருப்பியழைக்கப்பெற்றனர். அவர் ஏழை எளியவர்மேல் வரிச்சுமை ஏறலாகாது என்னும் எண்ணமுடையவராதலின், அவரை வெறுங் கலைப்பகைவர் எனல் நேர்மையாகாது. பசித்தவனுக்குச் சோறிடுவதா, பழங்கோயிலைப் படமெடுப்பதா என்ற கேள்வி எழும்போது, ஆள்வோர் எதனைத் தெரிந்தெடுப்பர் என்பது வெளிப்படை. எனினும் அன்று எடாது விட்ட காட்சியைப் பின்னர் எப்பொருள் கொடுத்தும் வாங்க இயலாது என்பதும் உண்மையே.

இறுதிக் காலம்

அப்போது டிரைப்புக்கு வயது முப்பத்தெட்டே. அதன்பின் அவர் இக்கலையிற் பெருமுயற்சி ஒன்றும் செய்திலர். மறுபடியும் தம் படைத்தொழிலுக்கே திரும்பி, ஓய்வுபெற்று, 1875-இல் மேஜர் ஜெனரல் என்னும் மதிப்புப் பட்டம் எய்தினார். பிறந்த ஊராகிய டெவன்போர்ட்டில் சங்கும் சிப்பியும் பவளமும் சேர்த்து வைத்துக் காலங்கழித்து, 1902-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2-ஆம் நாள், தமது எழுபத்தொன்பதாம் வயதில் உலக வாழ்வை நீத்தனர்.

அவருடைய படங்களோ நெடுங்காலம் நூல்நிலையங்களிலும் காட்சிசாலைகளிலும் பேசுவாரற்று உறங்கின. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய மூன்று மாநகர்களிலும் அவை பெருங்காட்சியாக வைக்கப்பெற்றன. ஆடம்பரம் எனத் தள்ளப்பெற்ற வேலை நூற்றைம்பது ஆண்டு கழித்துப் போற்றப்பெற்றது.

குணமும் குறையும்

ஒருவர் வரலாற்றைக் கூறுவார் குணத்தோடு குறையையும் கூறுதலே முறை. டிரைப் ஆளவந்தாரின் ஊழியர். வென்ற நாட்டை அளந்தறிதற்கு வேண்டிய கருவிகளுள் ஒன்றாகவே அரசாங்கத்தார் அவரை வைத்திருந்தனர். அவர் எடுத்த கோயில்களில் மக்களைக் காண்டல் அரிது. பல நிமிஷம் அசையாதிருத்தல் மக்களுக்கு ஆகாமையின் அது ஓரளவு கருவியின் குறையே. ஆயினும் தெருக்களெல்லாம் வெறிச்சென்று நிற்கும் அப்படங்களைப் பார்ப்பவர், இந்நாடு மக்களற்றுக் கிடந்தது போலும் என மயங்குதல் கூடும். வண்டி ஓட்டினார் எவர், நீர் சுமந்தார் எவர், வெயிலிற் குடைபிடித்தார் எவர் என்பவற்றையும் அப்படங்களின் தலைப்புக்கள் நமக்குக் கூறவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெறுமையாய் விழுந்த வானத்தை நிரப்புதற்பொருட்டு, மறுதலைப் படத்தின்மேல் அவர் தம் கையால் மேகங்களைத் தீட்டுவது வழக்கம். இது பொய்யன்றோ என்று நம் நண்பர் சிலர் வினவலாம். யாமும் இதனைப் பலகால் எண்ணிப் பார்த்தோம். வானத்தில் மேகம் இருந்தது மெய். அதனைத் தாள் காணமாட்டாமையின் கை துணைசெய்தது. ஆனால் கல்வெட்டின்மீது அவர் எழுத்தைத் தீட்டினாரல்லர். சிதைந்த சிற்பத்துக்கு மூக்கும் கையும் வரைந்தாரல்லர். சான்றாக நிற்கவேண்டிய பொருளில் அவர் கைவைத்திலர் என்பதே எமக்கு ஆறுதல் அளிக்கின்றது. எங்கே கை செல்லலாம், எங்கே செல்லலாகாது என்பதை அறிந்த நாணயம் அது.

நமக்கு எஞ்சிய கடன்

டிரைப்பின் தொகுதிகளுக்கு அமைந்த ஊர்ப்பெயர்களில் கடலூரும் இல்லை, சிதம்பரமும் இல்லை. திருவடி என அவர் குறித்த ஊரும் காவிரிக்கரைத் திருவையாறேயன்றி, நம் பண்ணுருட்டியை அடுத்த திருவதிகையன்று. 1860-இல் அப்பணி நில்லாதிருப்பின், சிவகங்கைத் தீர்த்தத்தில் விழும் கோபுர நிழலையும், கெடிலத்தின் கழிமுகத்தில் நின்ற பழம்படகுகளையும் அவர் கையாற் பெற்றிருப்போமோ என்று எண்ணுந்தோறும் ஏக்கம் உண்டாகின்றது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளின் மறுநாட் காலையில், ஆழிப்பேரலை நம் கரைமேல் ஏறியது. நூற்றுக்கணக்கான உயிர்கள் மாண்டன. படகுகள் வீட்டுக்கூரைகள்மீதும் சாலைகள்மீதும் எறியப்பெற்றன. அதன்பின் கட்டுமரமும் மரவள்ளமும் அருகின. கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அன்று அலைகொண்ட படகுகளுள் பலவற்றுக்கு ஒரு படமேனும் இல்லை. அவற்றைச் செதுக்கிய கைகளின் பெயரும் எங்கும் எழுதப்பெறவில்லை.

ஆதலின் தோழர்களே, நாம் துறைக்குச் சென்று படமெடுக்கும்போது டிரைப்பை நினைவிற் கொள்வோமாக. அவருக்குப் பல நிமிஷம் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு நொடி போதும். மிஞ்சிய நிமிஷங்களை அப்படகுக்கு உரியவரோடு பேசுதற்குச் செலவிடுவோம். படகின் பெயர், கட்டினார் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் படத்தின் கீழே எழுதிவைப்போம். டிரைப் விட்டுச்சென்ற குறையை அவ்வாறு நாம் நிரப்புதல் கூடும். நம் ஆண்டவர் அருளிய தாலந்து உவமையில், மண்ணிற் புதைத்தவனே கடிந்துகொள்ளப்பெற்றான். ஒளியைக் கொண்டு எழுதும் ஆற்றல் இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் தரப்பெற்றிருக்கின்றது. நீரில் விழும் நிழல் காற்றடித்தால் உடையும். அன்போடும் பொறுமையோடும் எழுதி வைத்த நிழலோ, எழுதினாரும் எழுதப்பெற்றாரும் மறைந்த பின்னும் நின்று சான்று பகரும்.